அவித்துத் தின்ற எல்லை

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம்தான் கள்ளுக்கடைகளைத் திறந்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் அதை இன்றுவரை முழுசாக நம்பவில்லை. ஊரப்பாக்கத்தில் ரயில் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், வாயும் கொஞ்சம் நீளம். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே மணலைத் தவிர வேறு எதையும் காணாத ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மணலில் வேர்க்கடலை போடுவார்கள், சவுக்கு வைப்பார்கள், மீதி நேரத்தில் சண்டை போடுவார்கள். வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் ஸ்டோரில் வேலை. சனிக்கிழமை சாயந்திரம் வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நான், மாமனார், மாமியார் மூன்று பேர்தான்.

பக்கத்து வீடு மாமனாரின் அண்ணன் வீடு. அவரை நான் பெரிய மாமா என்று கூப்பிட வேண்டும். அண்ணனும் தம்பியும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். என் மாமியார் தங்கை, பெரிய அத்தை அக்கா. பெரிய மாமாவுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே முள்வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலியில் அக்காவும் தங்கையும் மட்டும் புகுந்து போகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. குழம்பு, கறிவேப்பிலை, ஊர் வம்பு எல்லாம் அந்தச் சந்து வழியாகப் போய்வரும். ஆம்பிளைகள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள்.

காரணம் ஒரு கயிறு. நான் வருவதற்கு முந்தின ஐப்பசியில், வீட்டுக்குப் பின்னால் பொதுவாகக் கிடந்த நிலத்தைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். சங்கிலி போட்டு அளக்க ஆளைக் கூப்பிட்டால் தண்டச் செலவு என்று, வண்டியில் வைக்கோல் பாரம் கட்டுகிற நார்க்கயிற்றை எடுத்து அளந்திருக்கிறார்கள். பெரியவர் பங்கை அளந்து கல் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடிப்போய்க் காப்பி குடித்தார்கள். மழை விட்டதும் அதே கயிற்றால் தம்பி பங்கை அந்தக் கோடியிலிருந்து அளந்து வந்தார்கள். கயிறு நனைந்து சுருங்கியிருந்தது. கயிறு நனைந்தால் சுருங்கும் என்று ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அளக்க வந்த பெரிய மனுஷர்களுக்கு மட்டும் அன்றைக்குப் பார்த்து மறந்துபோச்சு. கடைசியில் இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு யார் பங்கிலும் சேராமல் மணல் மிஞ்சிவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு, நின்றதுதான்.

"அங்கே அணுவையே பிளக்கப் போறாங்களாம். இங்க ஒரு துண்டு மணல ரெண்டா பிளக்க முடியல," என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார். அவருக்கென்ன, போய்விட்டார். மாட்டிக்கொண்டவள் நான். ஏனென்றால் அண்ணனும் தம்பியும் பேசவில்லை என்பது பேர்தானே தவிர, ஒருத்தருக்கொருத்தர் சொல்வதற்கு அவர்களிடம் நாள் முழுக்க விஷயம் இருந்தது. அதைச் சொல்ல ஆள் வேண்டுமே! புதுசாக வந்தவள், எந்தக் கட்சியிலும் சேராதவள், போதாததற்குப் படித்தவள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாமனார், "யம்மா, உங்க பெரிய மாமாகிட்ட சொல்லு, அவுரு ஆடு நம்ம கடலைய மேயுது" என்பார். பத்தடி தள்ளி நிற்கிற பெரிய மாமா காதில் அது நன்றாக விழும். இருந்தாலும் நான் திரும்பி அதை ஒரு முறை சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவர் பதில் சொல்வார். "யம்மா, உங்க மாமனாருகிட்ட சொல்லு, அது ஆடு. அதுக்குக் கயித்தளவு தெரியாது." தபால்காரனுக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

அந்த ஆவணியில் மாமனார் ஒரு கோணிப்பை நிறையப் பனங்கொட்டையோடு வந்து நின்றார். எல்லையில் பனை வைக்கப் போகிறாராம். கல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தலாம், வேலியைத் தள்ளிக் கட்டலாம், பனையை மட்டும் எந்தக் கொம்பனாலும் நகர்த்த முடியாது, பாட்டன் காலத்தில் எல்லைக்குப் பனைதான் வைப்பார்கள் என்றார். "நான் கண்ண மூடறதுக்குள்ள அந்தக் கோட்டுல பனை நிக்கணும். அது நின்னுட்டா போதும் எனுக்கு," என்றார். பனையின் வேகம் தெரிந்த யாரும் அப்படி ஓர் ஆசையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதோடு, அவர் கொட்டைகளைப் புதைத்த இடம் மிஞ்சின முழத்தின் நடுவில் இல்லை. அதைத் தாண்டி, அண்ணன் போட்ட கல்லையும் தாண்டி ஒரு சாண் உள்ளே. எனக்கே பகீரென்றது. 'இந்த வயசில் இந்த மனுஷனுக்கு எவ்வளவு பேராசை பாரேன்' என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய மாமா வந்து பார்த்தார். கல்லைப் பார்த்தார், குழிகளைப் பார்த்தார், காலால் அளந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "யம்மா, உங்க மாமனாருகிட்ட சொல்லு, என் மண்ணுல மொளைக்கிறது என் பனை." மாமனார் என்னைப் பார்த்து, "மொளைக்கட்டும், அப்பால பேசிக்கலாம்னு சொல்லு" என்றார். இப்படியே பொழுது சாயும்வரை போயிற்று. அன்றைக்கு மாமனார் ஒரு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

மணலில் புதைத்த பனங்கொட்டை முதலில் மேலே வராது. கீழேதான் போகும். கீழே போகிற அந்த முளை தை மாசத்துக்குள் விரல் தடிப்புக்குக் கிழங்காகிவிடும். எங்கள் பக்கத்து ஜனங்களைப் பொறுத்தவரை பனங்கொட்டையை மண்ணில் புதைப்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பொங்கலுக்கு முதல் நாள் மாமனார் செய்யூர் சந்தைக்குப் போயிருந்தார். மாமியார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அரைமணியில் எல்லை முழுவதையும் தோண்டிக் கூடையில் கொண்டுவந்துவிட்டார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தார். நல்ல வாசனை. பாதியை வேலிச் சந்து வழியாக அக்காளுக்கும் கொடுத்தனுப்பினார்.

மாமனார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். தட்டில் கிழங்கு. ஒன்றை எடுத்து நார் உரித்துக் கடித்தார். "நல்லா கீதே, ஏது?" என்றார்.

"நீ போட்டதுதான்," என்றார் மாமியார்.

கடித்தது வாயில் அப்படியே நின்றது. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "அடிப் பாவி! எல்லைய அவிச்சிட்டியேடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் கொல்லையில் கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது. மாமியார் அசரவில்லை. "கெழங்குக்குப் போட்டியா எல்லைக்குப் போட்டியான்னு கொட்டையில எழுதியா வச்சிருந்த?" என்று திருப்பிக் கேட்டார். அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய மாமாவின் குரல் வந்தது. "யம்மா! உங்க மாமனாருகிட்ட சொல்லு, எல்லை ரொம்ப ருசியா கீது. அடுத்த வருசமும் போடச் சொல்லு."

மாமனார் அடுத்த வருஷமும் போட்டார். இந்த முறை மாமியாரை உட்காரவைத்து, கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் வாங்கினார். ஊரில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இது கிழங்குக்கு இல்லை, மரத்துக்கு என்று சொல்லிவைத்தார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள், ஆனால் நம்பவில்லை. மரத்துக்குப் பனை நடுகிறவன் என்று ஒருத்தனை அவர்கள் பார்த்ததில்லை. பனை என்றால் அது எப்போதும் அங்கே நிற்பது, அவ்வளவுதான். மார்கழி முடிவில் தண்ணீருக்குப் போகிற பெண்கள் நின்று நின்று பார்த்தார்கள். "இன்னாபா, கெழங்கு முத்திப்பூடுமே, இன்னும் புடுங்கலியா? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பொங்கலுக்கு மாமியாரின் தம்பி விருந்துக்கு வந்திருந்தார். பேச்சு கொஞ்சம், வேலை அதிகம் என்று பேர் எடுத்தவர். விடியற்காலையில் நான் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், வாசப்படியில் கட்டுக் கட்டாகக் கிழங்கு அடுக்கியிருக்கிறது. இவர் கை நிறைய மண்ணோடு பல் குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். "மாமாவுக்கு முதுகு புடிச்சிகினு கீதுபோல. கெழங்கு அப்படியே கெடக்குது. அதான் நானே புடுங்கிட்டேன். ஆளுக்குப் பாதியா பெரிய அக்கா வூட்டுக்கும் வச்சிட்டேன்," என்றார். மாமனார் வெளியே வந்து பார்த்தார். மச்சானைத் திட்ட முடியுமா? பொங்கலும் அதுவுமாக, நல்லது செய்தவனை? "எதுக்கு மச்சான் உனுக்கு இந்த செரமம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு போய்ப் பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய ஆள், சுவரைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார்.

மூன்றாவது வருஷம் அவருக்கு மூளை வேலை செய்தது. கொட்டைகளைப் புதைத்தார். கோட்டின் இரண்டு முனையிலும் மூன்று மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கிப் போட்டார். பிறகு டீக்கடையில் போய் உட்கார்ந்து, கனவில் முனி வந்ததாகவும், அந்தக் கோட்டில் தனக்கு இடம் கேட்டதாகவும் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். முனி குடியிருப்பது பனையில்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தை வந்தது, போனது, ஒரு கிழங்கை ஒருத்தர் தொடவில்லை. ஆனால் மாசி பிறப்பதற்குள் யாரோ அங்கே தேங்காய் உடைத்திருந்தார்கள். பங்குனியில் ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது என்று சேவல் கொண்டுவந்தாள். பெரிய அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்க ஆரம்பித்தார். கடைசியில் மாமனாரே தன் நிலத்தில் அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஊர் பார்க்கிறதே!

அந்த வருஷம் கள்ளுக்கடையை மூடிவிட்டார்கள். திறந்து, குடித்து, கெட்டு, மூடி, எல்லாம் முடிந்தது. பனை அப்போதுதான் தலையை வெளியே நீட்டியது. ஒரு குழிக்கு ஓர் இலை, கோரைப்புல் மாதிரி, அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். "இதுவா மாமா, எந்தக் கொம்பனாலும் நகர்த்த முடியாதது?" என்று கேட்டேன். "நீ இன்னா கண்ட, கீழ எம்மாந்தூரம் போய்கீதுன்னு," என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

பனையை வளர்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், காவல் வேண்டாம். மறந்துவிட்டால் போதும், அதுபாட்டுக்கு வளரும். இந்த மறக்கிற வேலைதான் அவர்கள் இரண்டு பேராலும் ஆகவில்லை. விடிந்தால் மாமனார் கோட்டின் இந்தப் பக்கம் வந்து நிற்பார். கொஞ்ச நேரத்தில் பெரிய மாமா அந்தப் பக்கம் வந்து நிற்பார். இவர் ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்ப்பார். அவர் எதிரே நின்று ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்ப்பார். என்னைக் கூப்பிடுவார்கள். "யம்மா, சொல்லு, பனை என் கல்லுக்கு உள்ளாற கீது, அது என்னுது." "யம்மா, சொல்லு, நட்ட கை என்னுது." சட்டி அடுப்பில் தீயும், நான் இங்கே வாதியும் பிரதிவாதியுமாக மாறி மாறிப் பேசிக்கொண்டிருப்பேன். ஒரு தடவை கோபம் தலைக்கேறி, "ரெண்டு பேரும் பத்தடிலதான நிக்கிறீங்க, காதுல இன்னா பஞ்சா?" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி முறைத்தார்கள். அண்ணன் தம்பிதான் என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

ஒரு சித்திரையில் மாமனார் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த நாட்களில் பெரிய மாமாதான் கோட்டுக்குக் காவல். இலையை மேய வந்த ஆடுகளைக் கம்போடு விரட்டுவார். "கைய வச்சே, கால ஒடச்சிடுவேன்! எவன் வூட்டுப் பனைன்னு நெனச்ச?" என்று ஆட்டிடம் கத்துவார். ஆடு அவருடையது. கத்தி முடித்துவிட்டு, எங்கள் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பார். "யம்மா, மனுசன் எப்பிடி கீறான்?" என்று கேட்பார். "யார்கிட்ட சொல்லணும் பெரிய மாமா?" என்றால், "யார்கிட்டயும் சொல்ல வாணாம், சும்மா கேட்டேன்," என்று போய்விடுவார்.

எமர்ஜென்சி வந்தது. எங்கள் ஊரில் அதனால் பஸ் நேரத்துக்கு வந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. எமர்ஜென்சி போனது. பஸ் பழையபடி ஆயிற்று. பனை அந்தச் சமயத்தில்தான் முதல் விசிறி இலையை விரித்தது. முழங்கால் உயரம் இருக்கும். நாட்டில் இரண்டு ஆட்சி மாறிய காலத்துக்கு அது காட்டிய வளர்ச்சி அவ்வளவுதான்.

அதற்கு மறுவருஷம் பெரிய மாமா இறந்துபோனார். நோய் நொடி என்று பெரிதாக இல்லை. காலையில் கோட்டுக்கு வரவில்லை, அதுதான் முதல் சேதி. மாமனார் இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தார். வெயில் ஏறியது. "யம்மா, போய்ப் பாரு," என்றார். நான் வேலிச் சந்தில் நுழைந்து போனேன். பெரிய அத்தை மோர் ஆற்றிக்கொண்டிருந்தார், அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு. நான் திரும்பி வந்து சொன்னேன். அத்தனை வருஷத்தில் யாரும் சொல்லி அனுப்பாமல் நான் கொண்டுபோன சேதி அது ஒன்றுதான்.

பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். வைத்தார். அழவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் பெரிய அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "இனிமே எல்லாம் உங்களுதுதான், நான் ஒருத்தி எதை வச்சிகினு இன்னா பண்ணப்போறேன்," என்றார். வேலியைப் பிரித்தோம். சந்துக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

அந்த மழைக்கு என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு டிராக்டரோடு வந்தார். இரண்டு நிலத்தையும் ஒரே வளைப்பில் உழுது கடலை போடலாம் என்று கணக்கு. நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பனை வரிசை. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணாத்த, இத்த இன்னா பண்றது? இப்பவே தோண்டிப் போட்டாத்தான் உண்டு. அப்பால அசையாது," என்றான். என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்தார்.

மாமனார் செருப்பில்லாமல் ஓடிவந்தார். "வைடா அத்த கீழ. அந்தப் பக்கம் ஏர் போகக் கூடாது. அது எங்க அண்ணன் நெலம்."

"நைனா, ரெண்டு பக்கமும் இப்ப நம்புளுதுதான்."

"அவன் உன்கையில குடுத்தானா? அவன் வாயால சொன்னானா?"

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் இந்தக் கோட்டுக்காக என் தொண்டைத் தண்ணி வற்றியிருக்கிறது. நான் முன்னால் போய் நின்றேன். "ஏன் மாமா, ஒரு முழம் மணலுக்காக இம்மாங்காலம் அடிச்சிகினீங்க. அவுரு கல்லையும் தாண்டி ஒரு சாண் உள்ளாற போயி நட்டீங்க. இப்ப மொத்த நெலமும் வந்துகீது. இப்ப வந்து வாணாம்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பனையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"முழம் யாருக்கும்மா வேணும்? பங்கு பிரிச்ச அன்னிக்கு அவன் பேச்ச வுட்டுட்டான். நான் என் பக்கத்துல நட்டா, அவன் இன்னாத்துக்கு வரப்போறான்? அவன் மண்ணுல நட்டாத்தான் கேக்க வருவான்னு நட்டேன். வந்தான். தெனமும் வந்தான்."

தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பதினாறு நாளில் வராதது அப்போது வந்தது. என் வீட்டுக்காரர் கடப்பாரையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். டிரைவர் இன்ஜினை நிறுத்தினான். நான் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் மட்டும்தான் கடலை போட்டோம்.